நீரின் வழியைக் காட்டிய மௌனப் படங்கள்

1903 ஓகஸ்ட் மாதம், இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் இருந்த அல்ஹம்ப்ரா அரங்கில் ஆடல் பாடல் பார்க்க வந்தவர்களுக்குப் புதுமையான படங்கள் காட்டப்பட்டன. சார்ள்ஸ் ஏர்பன் தயாரித்து, மார்ட்டின் டங்கன் நுணுக்குக்காட்டி வழியாகப் பிடித்த 'கண்ணுக்குத் தெரியாத உலகம்' என்ற தொகுப்பு அது. நன்னீரில் வாழும் ஐதராவும், நீர்ப்பூண்டின் கலங்களுக்குள் ஓடும் முதலுருவும் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

அதே ஏர்பன் பின்னர் கண்டெடுத்தவர் பேர்சி சிமித். 1880 இல் இலண்டனில் பிறந்து, கல்விச் சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். 1910 இல் அவர் எடுத்த 'ஒரு பூவின் பிறப்பு' பெரும் வரவேற்பைப் பெற்றது. 1922 இல் தொடங்கிய 'இயற்கையின் இரகசியங்கள்' என்ற குறும்படத் தொடரிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வட இலண்டன் சவுத்கேற்றில் இருந்த வீடே அவருடைய படப்பிடிப்புக் கூடம். மெக்கானோ விளையாட்டுத் துண்டுகள் போன்ற வீட்டுப் பொருட்களைக் கொண்டே கருவிகளைச் செய்துகொண்டார்.

அவருடைய முறை எளிது. மணிக்கு ஒரு படம் எடுத்து, செக்கனுக்கு 16 படம் வீதம் ஓட்டினால், 16 மணி நேரம் ஒரு செக்கனில் கடந்துவிடும். நீரை உறிஞ்சி வளரும் செடியின் மெதுவான அசைவு அப்போது கண்ணுக்குத் தெரியும்.

மழையையே நாயகனாக்கிய படம் 1929 இல் ஒல்லாந்தில் வந்தது. யோரிஸ் ஐவன்ஸ், மன்னுஸ் பிராங்கன் இருவரும் உருவாக்கிய 'மழை' சுமார் 12 நிமிடம் ஓடும். அம்ஸ்ரடாமில் பல மாதங்களாகப் பெய்த மழைகளை ஒரே மழையாகத் தொகுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்ரைனர் 'எச் ரூ ஓ' படத்தில் விழும் நீரையும் ஓடும் நீரையும், நீர்ப்பரப்பில் ஆடும் ஒளியையும் காட்டினார்.

அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை, நாளடைவில் சிதைபவை. எத்தனையோ மௌனப் படங்கள் இப்படி அழிந்தன. 1935 இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. சிமித்தின் படங்கள் பலவற்றை இன்றும் பார்க்க முடிவதற்கு அந்தக் காப்பகமே காரணம்.

யாழ்ப்பாணத்து நீருக்கும் ஒரு வழி உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கிணறு அந்த நன்னீரை எட்டுகிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும். ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டையால் இறைத்த நீர் வாய்க்கால் வழியே வெங்காயப் பாத்திக்குப் போனது. இயந்திரம் வந்ததும் துலா மறைந்தது.

துலா மிதித்த கால்கள் இன்னும் நம் வீடுகளில் நடக்கின்றன. அவர்கள் சொல்வதையும் செய்து காட்டுவதையும் பதிய ஒரு கைப்பேசி போதும். ஊருக்குப் போகிறவர்கள் கிணற்றையும் வாய்க்காலையும் நின்று நிதானமாகப் படம்பிடிக்கலாம். இடமும் நாளும் குறித்து, இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்தால் அது பிழைக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கும் அந்தப் படம் புரியும்.