எக்செல் கட்டத்தில் அடங்காத ராஜராஜன் தேதி

எக்செல்லில் 1900-க்கு முந்தைய ஒரு தேதியை அடித்துப் பாருங்கள். அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துவிடும். வட்டிக் கணக்கு போடும் காமர்ஸ் மாணவர்களுக்கு அது போதும். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் போதாது!

நம்ம பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்த நாளைச் சொல்கிறது: அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள். அவ்வளவுதான். இதை நம் தேதிக்கு மாற்றுவது எப்படி?

ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் கணித்தார். உடனே 985-உடன் 25-ஐக் கூட்டிவிடாதீர்கள். முதலாம் ஆண்டு 985-86. நிதியாண்டு மாதிரி எண்ணிக்கொண்டே வந்தால் 25-ஆம் ஆண்டு 1009-10. அதில் 275-ஆம் நாள் என்பது 1010 மார்ச் 26 முதல் ஏப்ரல் 25 வரை ஏதோ ஒரு நாள். நேராகக் கூட்டினால் 1011-க்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவை ஜூலியன் நாட்காட்டித் தேதிகள். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 1582-இல்தான் வந்தது. 1010-இல் இரண்டுக்கும் 6 நாள் வித்தியாசம். பைத்தான் மொழியின் தேதிக் கணக்கு கிரிகோரியனையே பின்னோக்கி நீட்டுகிறது. லிப்ரே ஆபீஸ் 1582-க்கு முன் ஜூலியனுக்கு மாறிவிடுகிறது. ஒரே தேதியை இரண்டிலும் கொடுத்தால் கிழமை ஒருநாள் தள்ளிப்போகும். பல கல்வெட்டுகளில் கிழமையும் நட்சத்திரமும் இருக்கின்றன. மென்பொருளை அப்படியே நம்பினால், சரியான கல்வெட்டைத் தப்பு என்று சொல்லிவிடுவோம்.

யூத நாட்காட்டி மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே தலைவலிதான். பழங்காலத்தில் அவர்கள் பிறையைக் கண்ணால் பார்த்து மாதத்தைத் தொடங்கினார்கள். இன்றைய வாய்பாட்டை அந்தக் காலத்துக்கு நீட்டினால் ஒரு தேதி கிடைக்கும், ஆனால் அன்று அதே நாளில்தான் மாதம் பிறந்தது என்று சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான பஞ்சாங்க அட்டவணைகளைத் தயாரித்தார். 1922-இல் வெளிவந்த அந்தத் தொகுதிகள் கல்வெட்டு ஆய்வாளர்களுக்குப் பெரிய துணை.

2010 செப்டம்பரில் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவை அரசு கொண்டாடியது. ஆண்டு வரைக்கும் பிரச்சினையில்லை. ஒரு நாளைக் குறிப்பிட வேண்டுமென்றால் கட்டம் ஒன்று போதாது. தொடக்க எல்லைக்கு ஒன்று, முடிவு எல்லைக்கு ஒன்று, எந்த நாட்காட்டி என்பதற்கு ஒன்று. நான்காவதில் கல்வெட்டில் உள்ள வாசகம், உள்ளபடியே. லெட்ஜரில் எழுதியாச்சு என்பதற்காக வவுச்சரைக் கிழித்துப் போடுவோமா என்ன?