தெற்குத் திருவிதாங்கூரின் எல்லை ஊர்களில் திருச்சபைப் பூசல்கள்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் சாலையின் இருபுறத்து ஊர்களிலும் தென்னிந்தியத் திருச்சபை, லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை ஆகியோரின் வழிபாட்டிடங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இவற்றைப் பிரித்த வழக்குகளுள் பெரும்பாலானவை இந்த மண்ணில் தோன்றியவை அல்ல. அந்தியோக்கியாவிலும் ரோமாபுரியிலும் லண்டனிலும் தொடங்கி, திருவிதாங்கூர் நீதிமன்றங்களையும் சென்னை மாநாடுகளையும் கடந்து, கடைசியாகவே இவ்வூர்களை வந்தடைந்தன. ஒவ்வொரு சபையின் வரலாறும் தன் தலைவரை உறுதிமிக்கவர் என்றும் பிரிந்துபோனவரைப் பிடிவாதக்காரர் என்றும் எழுதுவதால், அத்தலைவர்களின் சொற்களைவிட அவர்கள் எதை இழக்கத் துணிந்தார்கள் என்று பார்ப்பதே நடுநிலையான அளவுகோலாக இருக்கும்.

இந்த மண்ணிலேயே வேர்விட்ட வழக்கு ஒன்றும் உண்டு. ஞானஸ்நானம் சாதியை அழிக்கிறதா, இல்லையா என்பதே அது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தனர். சாதி என்பது உலக வழக்கம் மட்டுமே, அதற்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்று வாதிட்டவர்களுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். தெற்குத் திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷனோ பேராயர் ஆட்சியை ஏற்காத சுதந்திர சபை மரபைச் சேர்ந்தது. அம்மரபில் ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பதால், இக்கேள்விக்கு மேலிருந்து ஆணை பிறப்பிப்பார் எவரும் இல்லை. சபையார் அனைவரும் ஒரே பாத்திரத்தில் பருகும் திருவிருந்திலும், உட்காரும் பாயிலும், மகளைக் கொடுக்கும் வீட்டிலுமே அது தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

1818இல் நாகர்கோவிலுக்கு வந்து, பின்னர் நெய்யூரைத் தலைமையிடமாகக் கொண்டு மேற்குப் பகுதி முழுவதையும் கவனித்த லண்டன் மிஷனரி சார்லஸ் மீட், இக்கேள்விக்குத் தம் சொந்த வாழ்க்கையால் விடை சொன்னவர். 1845இல் பாறசாலை தனி மிஷன் வட்டாரமாகி ஜான் ஆப்ஸ் பொறுப்பேற்கும் வரை இப்பகுதிச் சபைகள் மீடின் பார்வையிலேயே வளர்ந்தன. அவர் வந்த புதிதில் ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோவின் ஆதரவுடன் சிறிது காலம் அரசின் நீதிபதியாகவும் இருந்தார். மதபோதகர் அரசுப் பதவி வகிப்பது முறையா என்ற கண்டனம் எழுந்ததும் அதை விட்டார். இரண்டாம் மனைவி இறந்த சில ஆண்டுகளுக்குப் பின், 1850களின் தொடக்கத்தில், பறையர் குலத்திலிருந்து கிறிஸ்தவரான ஒரு குடும்பத்துப் பெண்ணை அவர் மணந்துகொண்டார். சக மிஷனரிகள் இதை ஏற்கவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த மிஷனிலிருந்து மீட் விலக வேண்டியதாயிற்று.

தெற்குத் திருவிதாங்கூரிலும் கோட்டயத்திலும் இருந்த மிஷனரிகள் 1847இல்தான் அடிமை முறையை ஒழிக்குமாறு மகாராஜாவிடம் மனுச் செய்திருந்தனர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். புலையரும் பறையரும் அடிமைகளாக விற்கப்படுவதை எதிர்த்துப் பேசிய அதே வட்டாரத்தால், அவ்வகுப்பில் பிறந்த ஒரு பெண்ணைத் தங்களில் ஒருவரின் மனைவியாக ஏற்க முடியவில்லை. சபையார் மனம் புண்படும் என்பது போன்ற நடைமுறைக் காரணங்களைக் காட்டுவது எளிது. தஞ்சாவூரில் வேளாளர் சொன்ன காரணமும் அடிப்படையில் அதுவே. பதவியை இழந்த மீட் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராகி, 1873இல் இறக்கும் வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

இரண்டாவது வழக்கு வடக்கிலிருந்து வந்தது. தோமா அப்போஸ்தலரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதும் சிரியன் கிறிஸ்தவர்கள் கொல்லத்துக்கு வடக்கேதான் செறிந்து வாழ்ந்தனர். அவர்களுள் அந்தியோக்கிய மரபைப் பின்பற்றிய மலங்கரைச் சபையின் தலைமை ஆயரான மலங்கரை மெத்ராப்போலீத்தா வட்டசேரில் மார் திவன்னாசியோஸ், அந்தியோக்கியாவின் பாத்திரியார்க்கீசு இரண்டாம் அப்துல்லாவின் ஆன்மிகத் தலைமையை ஏற்றாலும், சபையின் சொத்துகள் மீதான உலகியல் அதிகாரத்தையும் அவருக்கு எழுதிக்கொடுக்க மறுத்தார். அதற்காக 1911இல் சபைநீக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவர் தரப்பினர், பதவி நீக்கப்பட்டிருந்த மற்றொரு பாத்திரியார்க்கீசான அப்துல் மசீகை வரவழைத்து, காதோலிக்கேட் எனப்படும் தன்னுரிமைத் தலைமைப் பீடத்தை மலங்கரையில் நிறுவினர். அதற்கு முன்னின்று உழைத்தவர், சென்னையில் எம்.ஏ. பட்டம் பெற்றதால் ‘எம்.ஏ. அச்சன்’ என்று அழைக்கப்பட்ட இளம் குருவான பி.டி. கீவர்கீஸ். 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இடப்பட்ட 3000 பூவராகன் வைப்பின் வட்டி யாருக்கு உரியது என்பதில் எழுந்த ‘வட்டிப்பண வழக்கு’ 1913 முதல் 1928 வரை நீடித்தது. விசுவாசத்தைப் பற்றிய வாதம் வட்டிக் கணக்காகத் தேய்ந்ததில் இரு தரப்பும் களைத்தன.

அந்த எம்.ஏ. அச்சன் செராம்பூரில் பேராசிரியராக இருந்து, 1919இல் பெருநாட்டில் பெத்தனி ஆசிரமத்தை நிறுவி, 1925இல் மார் இவானியோஸ் என்ற பெயரில் ஆயரானார். வழக்குகளால் சலித்து ரோமாபுரியுடன் கடிதத் தொடர்பு தொடங்கிய அவர், சிரியன் வழிபாட்டு முறையைக் கைவிடாமலேயே பாப்பரசரின் தலைமையை ஏற்கலாம் என்ற ஒப்புதலைப் பெற்றார். இங்குதான் அவருடைய முடிவின் கனம் தெரிகிறது. பெருநாட்டு ஆசிரமத்தின் நிலங்களும் கட்டடங்களும் அவர் விட்டுப் பிரிந்த சபைக்கே போயின. அவற்றுக்காக மற்றொரு வழக்கை நடத்தாமல் அவர் வெளியேறினார். 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில், சுவிட்சர்லாந்தில் பிறந்த கர்மேல் சபைத் துறவியான ஆயர் பென்சிகரின் முன்னிலையில் கத்தோலிக்க விசுவாசத்தை அறிக்கையிட்டபோது, அவருடன் நின்றவர்கள் ஆயர் மார் தியோபிலோசும் ஒரு குருவும் ஒரு தியாக்கோனும் ஒரு பொதுநிலையினரும் மட்டுமே. இவ்விணைவைக் கத்தோலிக்கர் ‘புனரைக்கியம்’ என்கின்றனர். விட்டுச்செல்லப்பட்டவர்கள் அதைத் துரோகம் என்றனர். மார் திவன்னாசியோஸ் தம் சீடரைப் பின்தொடரவில்லை. 1934இல் இறக்கும் வரை மலங்கரையின் தன்னுரிமை என்ற தம் நிலையில் நின்றார். இருவருக்கும் உறுதி இருந்தது என்று ஒப்புக்கொள்வதற்கு இருவரும் சரி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

1932இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் மலங்கரைக் கத்தோலிக்கரின் இப்புதிய சபைக்குத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாக்கியதன் விளைவை அன்று பலர் உணர்ந்திருக்கமாட்டார்கள். பழைய சிரியன் குடும்பங்கள் குறைவாக இருந்த தெற்கு நோக்கி, நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களுக்கு அதன் பணி பரவியது. அந்தியோக்கிய மரபின் குர்பானா, அதாவது அச்சபையின் திருப்பலி, சிரியன் மரபோடு பிறப்பால் உறவில்லாத நாடார், சாம்பவர் குடும்பங்களின் வழிபாடாயிற்று. சொத்துகளை விட்டுவந்த தலைவர் சொத்தில்லாதவர்களிடையே சபை கட்ட நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் குலப் பெருமையில் ஊறிய ஒரு மரபை அது மெல்ல மாற்றிவிட்டது.

மூன்றாவது வழக்கு பிரிவிலிருந்து எதிர்த்திசையில் சென்றது. 1919இல் தரங்கம்பாடியில், வெள்ளாளன்விளையில் பிறந்து இந்தியர்களுள் முதல் ஆங்கிலிக்கப் பேராயரான வி.எஸ். அசரியாவின் முன்முயற்சியில் கூடிய குருமார், பேராயர் உள்ள சபைகளும் இல்லாத சபைகளும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். பேராயரின் கை வைக்கப்படாமல் போதகரானவர் நடத்தும் திருவிருந்து செல்லுமா என்ற கேள்வியே பேச்சுவார்த்தையை 28 ஆண்டுகள் இழுத்தது. மீண்டும் குருப்பட்டம் பெற வேண்டிய அவசியமின்றி எல்லாப் போதகர்களும் ஏற்கப்படுவர் என்ற முடிவை இங்கிலாந்தின் உயர்சபை ஆங்கிலிக்கர் வன்மையாகக் கண்டித்தனர். 1945 புத்தாண்டு நாளில் இறந்த அசரியா, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறிய இணைப்பைக் காணவில்லை. பேராயர்களே வேண்டாம் என்ற மரபில் வந்த லண்டன் மிஷனரி ஏ.எச். லெக், அந்த இணைப்பால் தெற்குத் திருவிதாங்கூர்த் திருமண்டலத்தின் பேராயரானார்.

ஒன்பதே ஆண்டுகளில் மாநில எல்லை அத்திருமண்டலத்தின் ஊடே போடப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குச் செல்ல, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. 1959இல் கன்னியாகுமரித் திருமண்டலம் தனியாகி, ஐ.ஆர்.எச். ஞானதாசன் அதன் முதல் பேராயரானார்; லெக் எஞ்சிய தென்கேரளத் திருமண்டலத்தை நடத்தினார். எந்தக் கொள்கை வேறுபாடும் இல்லாமல் நிகழ்ந்த இப்பிரிவில் தமிழில் பாடிய சபைகள் சில மலையாளத் திருமண்டலத்திலேயே தங்கிவிட்டன. மலங்கரைக் கத்தோலிக்கரிடம் இதே பிரிவு 1996இல் மார்த்தாண்டம் மறைமாவட்டமாக வந்து சேர்ந்தது; 2017இல் கேரளப் பகுதியில் பாறசாலை மறைமாவட்டமும் தனியாயிற்று.