ஜவ்வாது மலைத் தாவரங்களின் பூஞ்சை எதிர்ப்புச் சேர்மங்கள்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். சாமை விளைவித்தும் கடுக்காய், புளி, தேன் சேகரித்தும் வாழும் மலையாளிப் பழங்குடியினரே இங்கு பெரும்பான்மையினர். சந்தனம், கடுக்காய், பூந்திக்கொட்டை, கொடிவேலி, புங்கம் என இக்காட்டில் வளரும் பல தாவரங்களில் பூஞ்சையை ஒடுக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. இவை நமக்கு மருந்தாக வேண்டுமென்று உருவானவை அல்ல. மழைக்காலக் காட்டில் இலை, மரம், விதை எல்லாமே பூஞ்சைக்கு இரை. அதிலிருந்து பிழைக்கச் செடி தனக்கென்று செய்துகொண்டவை.

சந்தனக் கட்டையின் குறுக்கு வெட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிறிய, மணமற்ற வெளிமரம் எளிதில் செல்லரித்து உளுத்துவிடும். நடுவில் உள்ள வைரமோ வெகுகாலம் கெடாமல் கிடக்கும். வைரத்தின் செல்கள் எப்போதோ இறந்துவிட்டவை. தங்களைக் காத்துக்கொள்ளும் உயிர் அவற்றில் இல்லை. அவை ஊறிக்கிடக்கும் எண்ணெயே காவல். நல்ல சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா சான்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்கும்.

இப்படி முன்கூட்டியே சேர்த்துவைப்பது ஒரு முறை. பகை வந்தபின் ஆயுதம் செய்வது இன்னொரு முறை. உருளைக்கிழங்கில் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரின் தாக்குதலை ஆராய்ந்த ஜெர்மானியர்களான முல்லரும் பொர்கரும் 1940-இல் இரண்டாவது முறையை விளக்கினார்கள். சமவெளியில் விளையும் சோளம் இதற்கு அழகான சான்று. பூஞ்சை சோள இலையைத் துளைக்க முயலும் இடத்தை நோக்கிச் செல்லுக்குள் செந்நிற நுண்குமிழ்கள் நகர்ந்து வருகின்றன. அங்கே உடைந்து நிறமியைக் கொட்டுகின்றன. பூஞ்சையோடு அந்தச் செல்லும் சாகிறது. சோளத் தோகையில் காணும் செம்புள்ளிகள் பல இத்தகைய போர் நடந்த இடங்கள்தாம்.

மனித நோய்க்கு வருவோம். பாக்டீரியாவைக் கொல்வதைவிடப் பூஞ்சையைக் கொல்வது கடினம். பூஞ்சை செல் அமைப்பில் விலங்கு செல்லுக்கு நெருக்கமானது. மருந்து குறிவைக்கக்கூடிய வேறுபாடுகள் சிலவே. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால் உண்டு. கைட்டினும் குளுக்கானும் சேர்ந்த உறுதியான செல் சுவரும் அதற்கு உண்டு, நமக்கு இல்லை.

பூந்திக்கொட்டையில் நுரை தருவது சபோனின். அது சவ்விலுள்ள ஸ்டெராலைப் பற்றிக்கொண்டு ஓட்டைகள் போடுகிறது. செல்லின் உள்ளிருப்பு கசிந்து வெளியேறுகிறது. ஆனால் கொலஸ்டிராலையும் அது விட்டுவைப்பதில்லை: இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும், குட்டையில் கலந்தால் மீன் சாகும். கொடிவேலி வேரிலுள்ள பிளம்பாஜின் செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கி மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது. அதே வேரைப் பச்சையாக அரைத்துத் தோலில் போட்டால் கொப்பளித்துவிடும்; சுத்தி செய்த பிறகே மருத்துவர்கள் பயன்படுத்துவது இதனால்தான். கடுக்காயின் வழி சற்று மென்மையானது. அதில் மிகுதியாக உள்ள டானின்கள் புரதங்களோடு பிணைகின்றன. படர்தாமரைப் பூஞ்சை தோலின் கெராட்டினைக் கரைத்துத் தின்னத் தனக்கு வெளியே நொதிகளைச் சுரக்கிறது. டானின் அந்த நொதிகளை முடக்கும், பூஞ்சைக்குத் தேவையான இரும்பையும் கவர்ந்துகொள்ளும்.

படர்தாமரைக்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற மூலிகை சீமை அகத்தி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி இது. இலையிலுள்ள கிரைசோஃபானிக் அமிலம், ரெய்ன் போன்ற ஆந்த்ரகுயினோன்களே முக்கியமான செயற்பொருள்கள். இவற்றுள் பல நீரில் சரியாகக் கரையாதவை. சித்த மருத்துவம் இதைக் களிம்பாக்கித் தருவதில் பொருள் இருக்கிறது.

படர்தாமரைக்கு மருந்து தேடுவது இந்தியாவில் இன்று வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்காத படர்தாமரைப் பூஞ்சை ஒன்று இங்கே பரவி, 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் பெற்றது. எர்கோஸ்டெரால் உருவாகத் தேவையான ஒரே ஒரு நொதியைத் தாக்குவது டெர்பினாஃபின். அந்த நொதியில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து பயனற்றுப் போகலாம். தாவரச் சேர்மங்கள் பெரும்பாலும் பல இடங்களில் ஒருசேரத் தாக்குவதால் பூஞ்சை அவற்றிலிருந்து எளிதில் தப்ப முடியாது. அவற்றின் நச்சுத்தன்மைக்கும் அந்தப் பலமுனைத் தாக்குதலே காரணம். இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லும் விளம்பரங்கள் நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன.

ஆய்வக முடிவுகளையும் அளந்தே ஏற்க வேண்டும். அகார் தட்டில் சாற்றைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டம் தெரிந்தால் ‘மருந்து கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். வட்டத்தின் அகலம், பொருள் ஈரமான அகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தது; சந்தன எண்ணெய் போன்றவை வீரியம் இருந்தும் சிறு வட்டமே காட்டக்கூடும். பூஞ்சையை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு, அதே செறிவில் மனிதத் தோல் செல்லுக்கு நேர்வது, பிறகு நோயாளிகளிடம் முறையான சோதனை: மூன்றும் வேண்டும்.

சேர்மம் எந்த உறுப்பில் இருக்கிறது என்பது காட்டின் நலனையும் தீர்மானிக்கிறது. கடுக்காயும் பூந்திக்கொட்டையும் காய்களாகக் கிடைப்பதால் மரம் அடுத்த ஆண்டும் நிற்கும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய சிறு வன விளைபொருள்கள் மீது பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. கொடிவேலிக்கு வேரைப் பிடுங்க வேண்டும். சந்தனத்தில் வைரம் பாயப் பல ஆண்டுகள் ஆகும், மரத்தையே வீழ்த்தாமல் அதை எடுக்க முடியாது. கள்ள வெட்டால் இம்மலை இழந்த சந்தன மரங்கள் ஏராளம்.