கொதிகலன் வால்வுகள்

கொதிகலன் வால்வுகள் என்பவை நீராவிக் கொதிகலனிலும் அதனுடன் இணைந்த குழாய்களிலும் நீர், நீராவி ஆகியவற்றின் ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் கட்டுப்படுத்தவும் பயன்படும் கருவிகள் ஆகும். எல்லா இடங்களுக்கும் பொருந்தும் வால்வு என ஒன்று இல்லை. செய்யவேண்டிய பணி, தாங்கவேண்டிய அழுத்தம், வெப்பநிலை, ஓட்டத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு வால்வும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

தேர்வின் முக்கியத்துவம்

அழுத்தத்திற்கு உட்பட்ட நீர் 100 °C-க்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தைவிட 10 பார் கூடுதலான அழுத்தத்தில் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 184 °C ஆகும். அந்நிலையில் கலன் உடைந்தால் நீரின் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாகிறது. வளிமண்டல அழுத்தத்தில் நீராவியின் கன அளவு நீரினதைப் போல் ஏறத்தாழ 1,600 மடங்கு என்பதால் பெரும் வெடிப்பு நிகழ்கிறது.

பணிக்கேற்ற வகைகள்

* முதன்மை நீராவி வால்வு: கேட் வால்வு அல்லது குளோப் வால்வு பயன்படுத்தப்படுகிறது. கேட் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது அழுத்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் பாதி திறந்து வைத்தால், விரைந்து செல்லும் நீராவி அதன் தட்டையும் இருக்கையையும் அரித்துவிடும். பின்னர் மூடினாலும் கசியும். ஓட்டத்தை மட்டுப்படுத்த வேண்டிய இடங்களுக்குக் குளோப் வால்வே ஏற்றது.
* ஊட்டுநீர் ஒருவழி வால்வு: நீரேற்றி நின்றுவிட்டால் கொதிகலனின் சுடுநீர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கிறது.
* கழிவுநீக்கு வால்வு: அடியில் தேங்கும் சேற்றையும் உப்புகளையும் வெளியேற்றுகிறது. வளைந்த வழியுடைய குளோப் வால்வில் படிவுகள் தங்கிவிடும் என்பதால், நேர்வழி கொண்ட வால்வு தேவை.
* பாதுகாப்பு வால்வு: அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது தானே திறந்து நீராவியை வெளியேற்றுகிறது.

பந்து வால்வு கால் சுற்றில் திறக்கக்கூடியது. குளிர்ந்த குழாயில் நீராவியைத் திடீரெனத் திறந்தால், அங்கு தேங்கிய நீர் உந்தப்பட்டுக் குழாய் வளைவுகளில் சம்மட்டி போல் மோதும். எனவே நீராவிக் குழாய்களின் வால்வுகள் மெதுவாகத் திறக்கப்படவேண்டும்.

மூலப்பொருள்

வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையது. ஆகையால் குறைந்த அழுத்தத்திற்கே பயன்படுகிறது. கரிம எஃகு ஏறத்தாழ 425 °C வரை ஏற்றது. அதற்கு மேல் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு பயன்படுத்தப்படுகிறது. டெஃப்லான் இருக்கை கொண்ட வால்வுகளை 260 °C-க்கு மேல் தொடர்ந்து பயன்படுத்த இயலாது.

பாதுகாப்பு வால்வின் கொள்திறன்

பாதுகாப்பு வால்வைக் குழாயின் விட்டத்தைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுத்தல் தவறு. மணிக்கு 5 டன் நீராவி உண்டாக்கும் கொதிகலனில், பாதுகாப்பு வால்வுகள் அனைத்தும் சேர்ந்து மணிக்கு 5 டன்னுக்குக் குறையாமல் வெளியேற்றவேண்டும். தேவைக்கு மிகப் பெரிய வால்வும் நல்லதன்று. அது அடுத்தடுத்துத் திறந்து மூடி இருக்கையைச் சேதப்படுத்தும். கொதிகலனுக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் இடையே அடைப்பு வால்வு எதையும் பொருத்தக்கூடாது.

வரலாறு

டெனிசு பாப்பின் 1679-இல் உருவாக்கிய நீராவிச் சமையல் கலனில் எடை ஏற்றிய பாதுகாப்பு வால்வு இடம்பெற்றது. 1803-இல் இலண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்தக் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்தனர். பாதுகாப்பு வால்வு திறக்க இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்ததே காரணம். அதன் பின்னர் டிரெவிதிக் இரண்டு பாதுகாப்பு வால்வுகளைப் பொருத்தலானார். அவற்றுள் ஒன்று இயக்குபவரின் கைக்கு எட்டாதது. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் நிகழ்ந்த வெடிப்பில் 58 பேர் இறந்தனர். இது அந்நாட்டில் கொதிகலன் விதிகள் உருவாக வழிவகுத்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* கொதிகலன்
* நீராவிப் பொறி
* அழுத்தமானி