விழி தாவும் கணமும் மூளையின் மின்னலையும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலை மலைகளிலே கொழுந்து பறிக்கும் பெண்களின் கைவேகத்தை வியந்து பேசாதார் இல்லை. ஆயின் கைக்கு முன்னே செல்வது கண். விரல்கள் ஒரு தளிரைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போதே பார்வை அடுத்த தளிரை நாடிவிடுகின்றது. இவ்வாறு விழி இடம்விட்டு இடம் தாவுவது வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை நிகழ்கின்றது. இரு தாவல்களுக்கிடையே கண் சற்றே நிலைக்கும் கணத்திலேதான் நாம் தெளிவாகக் காண்கின்றோம். அக்கணத்தில் மூளையில் யாது நிகழ்கின்றது என்பதை அளந்தறிய அறிஞர் பட்ட பாடு நெடியது.

படிக்கும்போது விழி வழுக்கிச் செல்லவில்லை, தாவியே செல்கின்றது என்பதை 1879 இல் உணர்ந்தவர் ஈவால்ட் ஹெரிங் என்னும் ஜேர்மானிய அறிஞர். அவர் அதனைச் செவியாலே அறிந்தார் என்பதே விந்தை! இமைமீது சிறு இறப்பர்க் குழாய்களை வைத்து, விழித்தசைகள் எழுப்பும் ஒலியைக் கேட்டார். பின்னாளில் கேகாலைக் குன்றுகளை நிறைத்த இறப்பர் இலங்கைக்குக் கன்றுகளாக வந்து சேர்ந்து அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

மனித மூளையின் மின்னலைகளை 1924 இல் முதன்முதல் பதிவு செய்தவர் ஜேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஐந்தாண்டுகள் தயங்கியபின், 1929 இலேயே அதனை வெளியிட்டார். கண்ணை மூடியிருக்கையில் ஒழுங்காக எழும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்குவதையும் அவர் கண்டார்.

ஆனால் ஓர் இடையூறு இருந்தது. கண்ணே ஒரு சிறு மின்கலம். அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் மின்னழுத்த வேறுபாடு உண்டு என்பதை டூ புவா ரேமோன் 1849 இலேயே காட்டியிருந்தார். மூளையலையோ மிக நுண்ணியது; ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுட் சில பத்துக் கூறுகளே அதன் அளவு. விழி உருண்டால் அக்கலத்தின் மின்சாரம் மூளையலையை மூழ்கடித்துவிடும். எனவே ஆய்வாளர் தம்முன் அமர்ந்தவரை ஒரு புள்ளியையே நோக்கியிருக்கப் பணித்தனர். இமைத்தாலும் அப்பதிவை ஒதுக்கினர். பார்வையை ஆராய்வோர் பார்ப்பவரை இயல்பாகப் பார்க்கவிடவில்லை. பல்லாண்டுகள் இந்நிலை நீடித்தது.

இத்தனைக்கும் வழி முன்னரே தென்பட்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில், விவரம் மிகுந்த படமொன்றைக் கண் துழாவும்போது பிடரிப்பக்கத்து மூளையில் முக்கோண வடிவமான கூரிய அலைகள் எழுவது அறியப்பட்டது. லாம்டா அலைகள் எனப் பெயர் பெற்ற அவை, இருளிலும் வெற்றுத்திரையை நோக்குகையிலும் மறைந்தன. அது குறையன்று, செய்தி என்பதைப் பெரும்பாலோர் உணரவில்லை.

விழியை மட்டும் பின்தொடர்ந்தோர் வேறுவழி சென்றனர். சோவியத் அறிஞர் யார்பஸ், 1965 இல் வெளியான நூலில், ஒரே ஓவியத்தை வெவ்வேறு கேள்விகளுடன் பார்க்கும் ஒருவரின் விழி வெவ்வேறு பாதைகளில் செல்வதைக் காட்டினார். 1999 இல் இங்கிலாந்தில் மைக்கேல் லான்டும் துணைவரும் தேநீர் தயாரிப்போரை ஆராய்ந்தனர். கை பொருளைத் தீண்டுவதற்கு ஏறத்தாழ அரை வினாடி முன்னதாகவே கண் அதனை அடைந்துவிடுகின்றது எனக் கண்டனர். கோப்பையில் முடியும் தேயிலையின் பயணம் கொழுந்திலே தொடங்கும்போதும் கண்தான் முன்செல்கின்றது.

இரு வழிகளும் பிற்பாடு ஒன்றுகூடின. விழி நிலைத்த கணத்தைப் புகைப்படக் கருவி குறிக்கும். அக்கணத்திலிருந்து மூளைப்பதிவை வெட்டி, பல நூறு துண்டுகளைக் கூட்டிச் சராசரி காண்பர். தற்செயலானவை ஒன்றையொன்று அழித்துவிட, ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடி கழித்து எழும் லாம்டா அலை எஞ்சி நிற்கும். ஒன்று அடங்குமுன் அடுத்த தாவலின் அலை அதன்மேல் ஏறிவிடுவதால், இரண்டையும் பிரிக்கக் கணிதமும் வேண்டியதாயிற்று. 2008 இல் எருசலேம் ஆய்வாளர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர்: மூளையின் விரைவலைகள் எனக் கருதப்பட்டவற்றுட் சில, உண்மையில் விழியின் மிகச்சிறு துடிப்புகளால் எழுந்தவையே. 2011 இல் பெர்லின் ஆய்வாளர், தம் போக்கில் படிப்பவரின் விழியையும் மூளையையும் ஒருங்கே பதிவு செய்யும் முறையை விளக்கினர்.

இன்று இக்கருவிகள் மூக்குக்கண்ணாடியாகவும் தலைக்கவசமாகவும் சுருங்கி, நடப்பவரோடும் செல்கின்றன. எனினும் மலைச்சரிவின் வேலை அவற்றுக்கு எளிதன்று. வியர்வை பட்டால் மின்முனைகளின் பதிவு மெல்லப் பெயரும். குனிந்தால் கழுத்துத் தசைகளின் மின்சாரம் குறுக்கிடும். மின்முனைகள் பதியவேண்டிய தலைமீதே கொழுந்துக் கூடையின் கயிறும் பாரத்தைத் தாங்கிக் கிடக்கின்றது.