மூளைக்குள் விளையும் அபின்

1971 ஜூன் 17 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், போதைப் பழக்கமே நாட்டின் முதற்பகை என அறிவித்தார். வியட்நாமில் போரிட்ட வீரர்களிடையே ஹெராயின் பெருகிவிட்டது என்ற செய்தி அந்நாட்டை நடுங்க வைத்திருந்த காலம் அது. ஹெராயின் ஒருமுறை பற்றினால் விடாது என்பதே அன்றைய பொது நம்பிக்கை.

அவ்வாண்டு செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். வியட்நாமில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமைப்பட்டிருந்தார். அவர்களுள் ஊர் திரும்பிய ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. மூன்றாண்டுகளில் 12 விழுக்காட்டினர். மருந்தை மீண்டும் தொட்டவர்கள்கூடப் பெரும்பாலும் அதில் மூழ்கிவிடவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அமெரிக்காவில் ஹெராயின் விலை மிக்கது, எளிதில் கிடைக்காதது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மூளை அதே மூளைதான். மாறியவை இடமும் சுற்றமும்.

மனித நலத்தை விளக்க முற்பட்ட இரண்டு அறிவு மரபுகள் அதுவரை ஒன்றையொன்று அறியாமலே நடந்து வந்தன. ஒன்று வேதியியல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய இளைஞர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். வலி தீர்க்கும் பொருளை எடைபோட்டு அளக்கலாம் என்றாயிற்று. மற்றொன்று சமூகவியல். பிரான்சில் எமில் துர்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய நூலில், தனிமனிதத் துயரத்தின் உச்சமெனத் தோன்றும் அச்செயலும் குடும்பம், சமயம் முதலிய குழுப்பிணைப்புகளின் வலிமையைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது என்று காட்டினார். முன்னது மனிதனின் உள்ளே தேடியது. பின்னது வெளியே தேடியது.

இவ்விரு பாதைகளும் சந்தித்தது 1970களில். 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், அபின்வகைப் பொருள்கள் சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை மெய்ப்பித்தனர். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளை ஏன் ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்கவேண்டும்? பூட்டு இருந்தால் சொந்தச் சாவியும் இருக்கவேண்டும் அல்லவா? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றிகளின் மூளையிலிருந்து அச்சாவியைக் கண்டெடுத்தனர். என்கெஃபலின், எண்டார்ஃபின் எனப் பெயர்பெற்ற இப்பொருள்கள் உடலே சமைத்துக்கொள்ளும் அபின் எனலாம்.

அவை எப்பொழுது சுரக்கின்றன? காயம் பட்டபொழுது என்பது எளிய விடை. யாக் பாங்க்செப் வேறொரு விடையை நாடினார். தாயிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் பிரிக்கப்பட்ட நாய்க்குட்டிகள் ஓயாது அலறும். மயக்கம் தராத மிகச் சிறிய அளவு மார்ஃபின் அவ்வலறலை அடக்கியதை 1978இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். தாயின் அணைப்பு செய்யும் வேலையை அபின் செய்துவிட்டது. பிரிவும் ஒரு வலியே. உவமையாக அன்று, உடலியல் உண்மையாகவே.

பின்வந்த ஆய்வுகள் இதற்கு வலுச்சேர்த்தன. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்பொழுது எண்டார்ஃபின் உயர்வதை 1989இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கெவர்ன் குழுவினர் கண்டனர். ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகள் தனியே துடுப்பு வலித்ததைவிடச் சேர்ந்து வலித்தபின் வலியை மிகுதியாகத் தாங்கினர் என்று 2009இல் ராபின் டன்பார் குழுவினர் எழுதினர். கூடிப் பாடுவதும், கூடி உழைப்பதும், கூடி அழுவதும் எல்லாச் சமூகங்களிலும் ஏன் உள்ளன என்பதற்கான காரணங்களுள் ஒன்றை இங்கே காணலாம்.

ஆனால் கண்டறிந்ததை உலகம் எவ்வாறு பயன்படுத்தியது? 1996இல் ஆக்சிகான்டின் என்னும் அபின்வகை மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அத்தகைய மாத்திரைகளில் தொடங்கி, பின்னர் ஹெராயினும் ஃபென்டானிலுமாக வளர்ந்த பேரழிவில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பொருளியலாளர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் இச்சாவுகளை, தற்கொலையோடும் குடியால் வரும் கல்லீரல் நோயோடும் சேர்த்து, நம்பிக்கை இழந்தோரின் சாவுகள் என்றனர். பட்டம் பெறாத உழைக்கும் மக்களின் வேலையும் தொழிற்சங்கமும் திருமணமும் தேவாலயமும் தளர்ந்த கதையோடு அவற்றை இணைத்துக் காட்டினர். துர்கைம் எழுதியது மறுபடியும் எழுதப்பட்டது போலிருந்தது.

மருந்து வேண்டாம் என்பதன்று இதன் பொருள். புற்றுநோயின் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் மறுக்கப்படுவது கொடுமை. ஆனால் சுற்றத்தை இழந்தவனின் வலியை அவனது மூளையின் பழுதாக மட்டுமே காணும் மருத்துவம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவை மறந்துவிடுகிறது. அக்கதவு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் திறக்கப்படுகிறது, இன்னொரு மனிதனின் கையால்.