ஒரு காசும் ஒரு கட்சியும்

வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடுமிடம் இருக்கன்குடி. ஆடித் திங்களின் கடைசி வெள்ளியன்று கரிசற்காட்டு மக்கள் அங்கே அலையலையாய்த் திரளுவர். மாரி மனமிரங்குவாள், மழை பொழிவாள் என்ற நம்பிக்கை! மழை பொய்த்த ஆண்டுகளில் உழவன் கிணற்றை ஆழப்படுத்தினான், மோட்டாரைப் பூட்டினான். வந்தது மின்கட்டணச் சீட்டு! இனி முறையீடு ஆத்தாளிடமா? இல்லை, ஆட்சியாளரிடம்.

அம் முறையீட்டை முழக்கமாக்கியவர் கோவை வையம்பாளையத்து உழவர் சி. நாராயணசாமி நாயுடு. 1970இல் யூனிட்டுக்கு 8 காசாயிருந்த கட்டணம் 10 காசாயிற்று. கிளர்ச்சி மூண்டது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று உழவர் குண்டடிபட்டு மாண்டனர். கிளர்ச்சியால் குறைந்தது ஒரு காசு! 1972இல் கட்டணம் மீண்டும் ஏற, கோவை நகரத் தெருக்களை மாட்டுவண்டிகள் அடைத்துக்கொண்டன. ஜூலை 5 அன்று மறுபடியும் துப்பாக்கி பேசிற்று. அப்போது ஆண்டவர் யார்? நம்மவரேதான். மறைப்பானேன்?

1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியே, அரசியல் சட்டத்தின் முகப்பில் 'சமதர்மம்' ஏறிற்று. சமதர்ம நாட்டில் உழவர் கட்சிக்கு என்ன வேலை? கிழக்கு ஜெர்மனியிலும் அப்படியொரு கட்சி இருந்தது. 1948இல் பிறந்த அதனை எர்ன்ஸ்ட் கோல்டன்பாம் 1982 வரை நடத்தினார். சட்டமன்ற இடங்கள் முன்கூட்டியே பங்கிடப்பட்டவை. கூட்டுப்பண்ணைத் திட்டத்துக்குத் தலையசைத்தது கட்சி. அவர் விலகிய அதே 1982இல், இங்கே நாயுடு இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். ஒதுக்கீட்டு நாற்காலி எதுவுமில்லை. சிறையும் தடியடியும் கண்ட கூட்டம் அது.

எனினும் ஒரு கேள்வி. பம்புசெட்டு யாருடையது? நிலமுடையவனுடையது. அவன் வயலில் களையெடுத்த சேரிப் பெண்ணுக்குக் கிணறேது, மீட்டரேது? கட்சியின் பெயரில் உழைப்பாளி இடம்பெற்றான். கோரிக்கைப் பட்டியலின் தலைப்பிலோ மின்சாரமும் கடனும் விளைபொருள் விலையுமே நின்றன. கூலி கேட்டவனும் கூலி கொடுப்பவனும் ஒரே கொடியின்கீழ் எவ்வளவு நாள் நிற்பர்? ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் வாக்குப் பெட்டியில் திரளவில்லை. சாதியும் பழைய கட்சிப் பாசமும் அங்கே காவல் நின்றன.

1984 டிசம்பர் 21. வாக்குப்பதிவுக்கு மூன்றே நாள். தேர்தல் பயணத்தில் கோவில்பட்டி வந்திருந்த நாயுடு அங்கேயே உயிர் நீத்தார். இருக்கன்குடிக்கு அண்டை ஊர்தான் அது. 1990இல் கலைஞர் ஆட்சியில் உழவர் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. ஒரு காசு குறைக்கக் குண்டடிபட்டவரின் பிள்ளைகள் பூச்சியக் காசுக்கு நீரிறைத்தனர். களையெடுத்தவளின் கூலியை உயர்த்த அப்படியொரு மாட்டுவண்டி ஊர்வலம் இன்றளவும் புறப்படவில்லை.